கசாயமா, மாத்திரையா? குடல் அழற்சி நோயும் மருந்துச் சோதனையும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஜொகூர் கடற்பாலம் ஒரு கிலோ மீட்டருக்குச் சற்றே அதிகமான நீளம் கொண்டது. விடிவதற்கு முன்பே அங்கே மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடித்துவிடும். சிங்கப்பூரில் வேலை, ஜொகூர் பாருவில் வீடு என்று வாழும் பிள்ளைகளின் வரிசை அது.

அந்த வரிசையில் ஓர் இளைஞர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். வயது 26. மாசாயில் வீடு. அவருக்கு ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை வயிற்றால் போகிறது. கூடவே இரத்தமும் சளியும். பாலத்தின் நடுவில் வயிறு முறுக்கினால் என்ன செய்வது? முன்னும் போக முடியாது, பின்னும் திரும்ப முடியாது. அதனால் முதல் நாள் மாலையிலிருந்தே சாப்பிடாமல் இருக்கப் பழகிக்கொண்டார். ஆறு மாதத்தில் உடம்பு பாதியாக இளைத்துவிட்டது. வீட்டில் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, வேலை அதிகம்" என்கிறார்.

விஷயம் வெளியே வந்தபோது ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "உடம்புச் சூடுதாம்பா, மோர் குடி" என்றார் அம்மா. "மூலமாத்தான் இருக்கும்" என்று ஒரு பொடியைக் கொடுத்தார் நாட்டு மருந்துக் கடைக்காரர். "தம்பி, நிலவேம்பு குடிச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார் சித்தப்பா. இந்த இளைஞர் கற்பனைதான். ஆனால் இப்படி ஒருவரை அறியாத வட்டாரம் இந்நாட்டில் இருக்காது.

இந்த நோயின் பெயர் குடல் அழற்சி நோய். இதற்கு என்ன மருந்து, அந்த மருந்து உண்மையிலேயே கேட்கிறதா என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள், நம் மூலிகைகள் அந்தச் சோதனையில் எப்படித் தேறின என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

மூலமும் அல்ல, சூடும் அல்ல

குடல் அழற்சி நோய் இரண்டு வகைப்படும். ஒன்று பெருங்குடல் புண் நோய். பெருங்குடலின் உட்புறத் தோல் சிவந்து, புண்ணாகி, இரத்தம் கசியும். 1859-ஆம் ஆண்டில் இதை ஒரு தனி நோயாக விவரித்தவர் இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ். இன்னொன்று கிரோன் நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை எந்த இடத்திலும் வரக்கூடியது. குடல் சுவரின் முழுக் கனத்தையும் தாக்கும். 1932-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பெரில் கிரோன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் இதை எழுதி வெளியிட்டதால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். வெளியிலிருந்து வரும் கிருமியோடு போராட வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தி, வழி தவறி, சொந்தக் குடலையே தாக்குகிறது. இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. காரம் சாப்பிட்டதால் வந்தது என்றும் சொல்ல முடியாது. பரம்பரைக் கூறும், வாழும் சூழலும், குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்து உண்டாக்கும் கோளாறு இது.

"இது வெள்ளைக்காரன் வியாதி, நமக்கு எதற்கு?" என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில், அதாவது ஈப்போவிலும் அதன் சுற்று வட்டாரத்திலும், 2011 முதல் 2013 வரை ஓர் ஆய்வு நடந்தது. ஆண்டுக்கு எத்தனை பேருக்குப் புதிதாக இந்த நோய் வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு மலாய்க்காரர்களில் 0.35, சீனர்களில் 0.63, இந்தியர்களில் 1.91. ஏற்கெனவே நோயோடு வாழ்பவர்களின் கணக்கிலும் அதே கதைதான். ஒரு லட்சம் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் சுமார் 7 பேர் வீதம் என்றால், இந்தியர்களில் ஏறக்குறைய 25 பேர். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய தெற்காசியர்களிடமும், சிங்கப்பூர் இந்தியர்களிடமும் இதே போக்கு காணப்பட்டது.

எண்ணிக்கையில் இது நீரிழிவு போலப் பெரிய நோய் அல்ல. ஆனால் வருவது பெரும்பாலும் வேலைக்குப் போகும் வயதில், திருமண வயதில். வந்தால் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். கவனிக்காமல் விட்டால் குடல் சுருங்கலாம், ஓட்டை விழலாம். பெருங்குடல் புண் பல ஆண்டுகள் நீடித்தால் குடல் புற்றுநோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே நம் சமூகத்துக்கு இது அடுத்த வீட்டுச் செய்தி அல்ல.

தானாகத் தணியும் நோய், ஏமாற்றும் நோய்

இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. சில வாரம் கொந்தளிக்கும், பிறகு தானே அடங்கும், மறுபடியும் கிளம்பும். இங்கேதான் சிக்கல். கொந்தளிப்பின் உச்சத்தில்தான் ஒருவர் மருந்து தேடி ஓடுகிறார். அப்போது எதைக் குடித்தாலும், சில வாரத்தில் நோய் தானாகத் தணிந்தால், குடித்த பொருளுக்குப் பெயர் போய்ச் சேர்கிறது. "எனக்குக் கேட்டுச்சு" என்று அவர் சொல்வது பொய் அல்ல. ஆனால் அது சான்றும் அல்ல.

இதை எண்களில் காட்டியது இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1955-இல் வெளியிட்ட சோதனை. பெருங்குடல் புண் நோயாளிகள் 210 பேரை இரு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்குக் கார்ட்டிசோன் மாத்திரை. இன்னோர் அணிக்குப் பார்ப்பதற்கு அதே போன்ற, மருந்தே இல்லாத மாத்திரை. ஆறு வாரத்தில் கார்ட்டிசோன் அணியில் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் அடங்கியது. வெறும் மாத்திரை அணியிலோ நூற்றுக்குச் சுமார் 16 பேருக்கு அடங்கியது.

அந்தப் 16 பேரைக் கவனியுங்கள். அவர்கள் மருந்தே சாப்பிடவில்லை. ஆனால் அவர்களில் ஒருவரைப் பேட்டி எடுத்தால், "இந்த மாத்திரை அற்புதம்" என்றுதான் சொல்லியிருப்பார். எந்த மருந்தானாலும் இந்த 16 பேரைத் தாண்டிக் காட்ட வேண்டும். மருந்துச் சோதனை என்பதன் சாரம் இதுதான். அது தொழிற்சாலை மாத்திரைக்கு ஒரு நியாயம், காட்டு மூலிகைக்கு ஒரு நியாயம் என்று பார்ப்பதில்லை.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்துகள்

முதலில் செயற்கை மருந்துகளின் வரிசை. சுவீடன் நாட்டுப் பெண் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய மருந்து சல்ஃபசலாசின். அது பெருங்குடல் புண்ணுக்கும் கேட்கிறது என்பதை 1940-களில் அவர் வெளியிட்டார். அதற்குள் இரண்டு பொருள்கள் இணைந்திருந்தன. எது வேலை செய்கிறது? 1977-இல் வங்காள தேசத்து மருத்துவர் ஆசாத் கான், ட்ரூலவுடன் சேர்ந்து ஆக்ஸ்போர்டில் அந்த இரண்டையும் தனித்தனியே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து விடை கண்டார். இன்று மெசலாசின் என்ற பெயரில் பலர் சாப்பிடும் மருந்து அந்த விடையிலிருந்து வந்ததுதான்.

பிறகு 1998-இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு இன்ஃப்ளிக்சிமாப் என்ற ஊசி மருந்து அங்கீகாரம் பெற்றது. அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிடித்து முடக்குவது அதன் வேலை. 2018-இல் பெருங்குடல் புண்ணுக்கு டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரை அங்கே அங்கீகரிக்கப்பட்டது. 2022-இல் உபாடாசிட்டினிப் வந்தது. ஊசி இல்லாமல் வாய்வழி சாப்பிடக்கூடியவை இவை. ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கிருமிக்கும் கதவைத் திறந்து விடக்கூடும். காசநோய் இன்னும் ஒழியாத நம் நாட்டில், இத்தகைய மருந்தைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். குடலில் வரும் காசநோய் கிரோன் நோயைப் போலவே தோற்றமளிக்கும் என்பது இன்னோர் ஆபத்து. இரத்தம் உறைதல் போன்ற அபாயங்களுக்காக அந்த மாத்திரைகளுக்கு அமெரிக்க அதிகாரிகள் கடுமையான எச்சரிக்கை வாசகமும் சேர்த்திருக்கிறார்கள்.

யார் மீது சோதித்தார்கள் என்பதும் முக்கியம். அசாத்தியோபிரின் என்ற பழைய மாத்திரை சிலருக்கு வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். மேலை நாட்டினரிடம் கண்ட மரபணுக் காரணம் ஆசியர்களிடம் பொருந்தவில்லை. 2014-இல் கொரிய ஆய்வாளர்கள் வேறொரு மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அது ஐரோப்பியரிடம் அரிது, ஆசியர்களிடம் சாதாரணம். நம்மைப் போன்றவர்கள் சோதனையில் இடம்பெறாவிட்டால் நமக்கான ஆபத்து வெகுகாலம் மறைந்தே கிடக்கும்.

மஞ்சளும் நிலவேம்பும் தேர்வு எழுதியபோது

இனி நம் வீட்டுப் பக்கம் வருவோம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சத்தை ஜப்பானியர்கள் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் அடங்கிய நிலையில் இருந்த 89 பேர் கலந்துகொண்டார்கள். எல்லாரும் வழக்கமான மருந்தைச் சாப்பிட்டார்கள். ஓர் அணிக்கு மட்டும் கூடுதலாக நாளொன்றுக்கு 2 கிராம் குர்குமின். ஆறு மாதத்தில் குர்குமின் அணியில் 43 பேரில் 2 பேருக்கு நோய் திரும்பியது. மற்ற அணியில் 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. 2015-இல் வெளிவந்த வேறொரு சோதனையில் 50 பேர். மெசலாசினோடு நாளுக்கு 3 கிராம் குர்குமின் சாப்பிட்ட 26 பேரில் 14 பேருக்கு நான்கு வாரத்தில் நோய் அடங்கியது. வெறும் மாத்திரை அணியில் 24 பேரில் ஒருவருக்குக்கூட அடங்கவில்லை.

கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் மறுபக்கமும் உண்டு. டில்லியில் ஒரு நாளைக்கு 450 மில்லி கிராம் குர்குமின் கொடுத்துச் சோதித்தபோது வெறும் மாத்திரையைவிட எந்தப் பலனும் தெரியவில்லை. அளவுதான் வித்தியாசமோ என்று எண்ண இடமிருக்கிறது. சமையல் மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு 3 பங்கு அளவில்தான் இருக்கிறது. 2 கிராம் குர்குமினுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். குழம்பில் போடும் ஒரு சிட்டிகை அந்தச் சோதனையில் பயன்பட்ட மருந்தாகாது. அதிக அளவு குர்குமின் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2023-இல் ஆஸ்திரேலிய மருந்து அதிகாரிகள் எச்சரித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்து நிலவேம்பு. மலாய் மொழியில் ஹெம்பெடு பூமி, அதாவது மண்ணின் பித்தம். கசப்பு அப்படி. இதன் சாற்றை மாத்திரையாக்கி, பெருங்குடல் புண் நோயாளிகள் 224 பேரிடம் எட்டு வாரம் சோதித்தார்கள். முடிவு 2013-இல் வந்தது. நாளுக்கு 1,800 மில்லி கிராம் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 60 பேருக்குக் குணம் தெரிந்தது. 1,200 மில்லி கிராம் அணியில் 45 பேர். வெறும் மாத்திரை அணியில் 40 பேர். நம்பிக்கை பிறந்தது. சீன நிறுவனமும் நெஸ்லே குழுமமும் கைகோத்து மூன்றாம் கட்டப் பெருஞ்சோதனையில் இறங்கின. 2014-இல், பாதியில், தனி நடுவர் குழு எண்களைப் பார்த்தது. தொடர்ந்தாலும் பலன் நிரூபணமாகும் வாய்ப்பு இல்லை என்று சொல்லிவிட்டது. சோதனை நிறுத்தப்பட்டது.

நிலவேம்பு கெட்டது என்பதல்ல இதன் பொருள். இந்த நோய்க்கு, இந்த அளவில், இந்த வடிவில் அது தேறவில்லை. அவ்வளவுதான். சித்தப்பா சொன்னது அன்பினால் சொன்னது. ஆனால் அந்தக் கேள்வியை உலகம் ஏற்கெனவே கேட்டுப் பார்த்துவிட்டது.

மூன்றாவது கதை இன்னும் சுவையானது. நீலச் சாயம் தரும் செடிகளின் இலையிலிருந்து சீன வைத்தியர்கள் ஒரு பொடி எடுப்பார்கள். நம் அவுரிச் செடி தருவதும் அந்த வகை நீலமே. ஜப்பானில் 86 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. வெறும் மாத்திரைக்கு நூற்றுக்குச் சுமார் 14 பேர், 2 கிராம் பொடிக்கு 81 பேர் குணம் கண்டார்கள். எந்தப் புது மருந்தும் பொறாமைப்படும் எண்ணிக்கை. ஆனால் அந்தச் சோதனையும் இடையில் நிறுத்தப்பட்டது. காரணம் வேறு. சோதனைக்கு வெளியே சொந்தமாக அந்தப் பொடியை வாங்கிச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடும் கொடிய நோய் தென்பட்டது. 2016 டிசம்பரில் ஜப்பானிய அரசு எச்சரிக்கை விடுத்தது.

செடியிலிருந்து வந்தது என்பதால் பலனும் குறையவில்லை, ஆபத்தும் குறையவில்லை. "இயற்கை மருந்து, பக்க விளைவே கிடையாது" என்ற விளம்பர வாசகத்துக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

ஜொகூரில் கேட்க வேண்டிய கேள்விகள்

மலேசியாவில் இரண்டு பாதைகளுக்கும் இடம் இருக்கிறது. சுகாதார அமைச்சு பாரம்பரிய மருத்துவப் பிரிவுகளைத் தொடங்கிய முதல் சில அரசு மருத்துவமனைகளில் ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் ஒன்று. 2016-இல் நிறைவேறிய பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் சித்த, ஆயுர்வேத வைத்தியத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. புதிய மருந்துகளின் சோதனையை ஊக்குவிக்க 2012-இல் அமைச்சின் கீழ் ஒரு தனி நிறுவனமே அமைக்கப்பட்டது.

சோதனையில் சேர அழைப்பு வந்தால் பயப்படவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடவும் வேண்டாம். நெறிமுறைக் குழு அனுமதி தந்ததா என்று கேளுங்கள். சம்மதக் கடிதத்தைப் புரியும் மொழியில் விளக்கச் சொல்லுங்கள். மருந்து அணியா, வெறும் மாத்திரை அணியா என்பதைத் தேர்வு செய்ய முடியாது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பாதிப்பு வந்தால் செலவு யார் பொறுப்பு என்று கேளுங்கள். எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. இது நோயாளியின் உரிமை.

கடையில் வாங்கும் பொருளுக்கும் ஒரு சோதனை உண்டு. பொட்டலத்தில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணின் முடிவில் 'தி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்து. தூய்மையும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டன என்பதே அதன் அடிப்படைப் பொருள். குடல் அழற்சியைக் குணப்படுத்தும் என்று யாரோ நிரூபித்துவிட்டார்கள் என்று பொருளல்ல.

பதிவு எண்ணே இல்லாத பொருள் என்றால் கையில் எடுக்காதீர்கள். அத்தகைய பல பொருள்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் திருட்டுத்தனமாகக் கலக்கப்பட்டிருப்பதை அதிகாரிகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து எச்சரித்து வந்திருக்கிறார்கள். கடற்பாலத்து இளைஞருக்கு அப்படி ஒரு பொடி கிடைத்தால் என்ன ஆகும்? ஒரே வாரத்தில் இரத்தம் நிற்கும். பசி எடுக்கும். முகம் உப்பும். "மூலிகையின் மகிமை" என்று வீடே கொண்டாடும். உண்மையில் வேலை செய்தது 1955-இல் ட்ரூலவ் சோதித்த அதே குடும்பத்து மருந்து. அளவு தெரியாமல், கண்காணிப்பு இல்லாமல் உள்ளே போகிறது. சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

அம்மா கேட்க வேண்டியது

ஆகவே கேள்வி கசாயமா, மாத்திரையா என்பதல்ல. சோதித்ததா, சோதிக்காததா என்பதுதான். குர்குமின் நல்ல பலன் காட்டிய அந்தச் சோதனைகளில்கூட நோயாளிகள் வழக்கமான மருந்தை நிறுத்தவில்லை. அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவதற்கு அந்த ஆய்வுகள் ஆதாரம் ஆகா. மூலிகை சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். கல்லீரல் சோதனையில் கோளாறு தெரிந்தால் காரணம் தேடி அவர் அலைய வேண்டியிருக்கும்.

சில வாரமாக வயிற்றால் போகிறது, இரத்தம் கலந்து வருகிறது, எடை குறைகிறது, இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். அரசு கிளினிக்கில் சொல்லி, மருத்துவமனையில் குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு வழி கேளுங்கள். அது மூலமா, காசநோயா, அழற்சி நோயா என்பது உள்ளே பார்த்துச் சிறு துண்டு சதை எடுத்துச் சோதித்தால்தான் விளங்கும்.

மாசாய் இளைஞர் முதல் ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. மலத்தைப் பற்றிப் பேசுவது நம் வீடுகளில் கூச்சத்துக்குரிய விஷயம். சாப்பாட்டு மேசையில் பேச மாட்டோம், பெண் பார்க்கும் வீட்டில் சொல்ல மாட்டோம். அந்தக் கூச்சம் போன பிறகுதான் மருந்துக்கே வேலை. "சாப்பிட்டாயா?" என்று கேட்கும் அம்மா, "வயிறு ஒழுங்காக இருக்கிறதா, ஐயா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டால், அந்தப் பிள்ளைக்குச் சிகிச்சை ஆறு மாதம் முன்னதாகவே தொடங்கியிருக்கும்.